ஒன்பது அங்குல இடைவெளியில் ஒரு மகிழமரம்

2025 மார்ச் மூன்றாவது வாரம். விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போன அம்மா, உள்ளங்கையை மூடிக்கொண்டு உள்ளே வந்தார். விரித்துக் காட்டினார். பதினான்கு மகிழம்பூ. மூன்று வருடமாகக் கட்டி, வெட்டி, வளைத்து, ஒரு கிளையைப் பிளந்தும் வைத்த மரம் ஒருவழியாகப் பூத்துவிட்டது. இனிமேல் இதைப் பற்றி எழுதலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் செங்கல் சுவரோடு ஒட்டி வளர்க்கப்பட்ட மேக்னோலியா கிராண்டிஃப்ளோரா மரத்தின் படம் ஒன்றைப் பார்த்தேன். பளபளக்கும் பச்சை இலை, தாம்பாளம் அளவு வெள்ளைப் பூ, மொத்த மரமும் சுவரில் விரித்து மாட்டிய ஜமக்காளம் மாதிரி. எஸ்பாலியர் என்கிறார்கள். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மரம் வைக்க மண் கொஞ்சம்தான் இருக்கிறது. கார், மோட்டார் ரூம், மீட்டர் பெட்டி போக மிச்சம் சுவர்கள்தான். சுவரோடு வளரும் மரம் என்றால் கேட்கவா வேண்டும்.

மேக்னோலியாவுக்கு நம்மூர் உறவுக்காரர் செண்பகம். அதுவும் மேக்னோலியா இனம்தான். 2020 செப்டம்பரில் ஒட்டுச் செண்பகம் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கி, வீட்டின் மேற்குச் சுவரோரம் நட்டேன். பக்கத்து மனை காலி, வெயில் தாராளம். செங்கல் சுவர் என்பதால் ஆங்கர் போல்ட் கெட்டியாகப் பிடித்தது. சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளிக் கம்பி. இரண்டு கிளைகளைக் கட்டியும் விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, 2021 ஏப்ரல் வரை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் சுவர்ப்பக்கம் இருந்த இலைகள் மட்டும் அப்பளம் போலச் சுருண்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அப்புறம்தான் கொரோனாவுக்கு வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டர் ஞாபகம் வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குச் சுவரில் காட்டினால் 'ஹை' என்று மட்டும் சொல்லிக் கத்தியது. உடம்புச் சூடு அளக்கும் அமைப்பில் இருந்தால் அப்படித்தான் சொல்லுமாம். பரப்புச் சூட்டுக்கு மாற்றி மறுபடி காட்டினேன்: 54 டிகிரி. ராத்திரி ஒன்பதுக்கும் 40.

குளிர் தேசத்தில் சுவரோரம் மரம் வளர்ப்பதே சுவர் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி மரத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் என்பதற்காகத்தான். அந்த உபகாரத்தை நான் மடிப்பாக்கத்தில் மேற்குச் சுவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்! செண்பகம் கோடையைத் தட்டுத்தடுமாறித் தாண்டியது. ஆனால் நவம்பர் 6 இரவு தொடங்கிய மழையில் குழிக்குள் தண்ணீர் தேங்கி, வேர் அழுகிச் செத்தது. இங்கே பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கத்திலேயே. இரண்டடி தோண்டினால் களிமண். செண்பகத்துக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது என்று தெரிந்தும் பள்ளத்தில் நட்டது என் தப்பு.

மரமும் சுவரும் மாறின

இரண்டாவது தடவை மகிழம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பஸ் ரூட்டில் சாலையோர மகிழமரம் ஒன்று உண்டு. மின்வாரியக் கம்பிக்காக வருடா வருடம் கண்டபடி வெட்டுவார்கள். அடுத்த மழைக்குள் குடை மாதிரி மறுபடி தழைத்துவிடும். அவ்வளவு வெட்டைத் தாங்கும் மரம் என் கைக்கும் தாங்கும் என்று நம்பினேன். வருடம் முழுக்கப் பச்சை, இலை கெட்டி, பூ வாசனை காய்ந்த பிறகும் போகாது. ஒரே குறை, வளர்த்தி மெதுவு. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில் ஐந்தடி உயரக் கன்று, விதைச்செடி, வயது மூன்று இருக்கும் என்றார்கள். 350 ரூபாய்.

சுவரும் மாறியது. முன்பக்கம் கார் நிற்கும் இடத்தை ஒட்டிய மேற்குக் காம்பவுண்டு சுவரின் உள்பக்கம். அது கிழக்கைப் பார்ப்பதால் காலை வெயில் முழுக்கக் கிடைக்கும், பன்னிரண்டரை மணிக்குமேல் சுவரே நிழல் கொடுக்கும். உயரம் ஐந்தரை அடி. நான் எடுத்துக்கொண்ட நீளம் பன்னிரண்டு அடி.

இந்தச் சுவர் ஹாலோ பிளாக். அதை மறந்துவிட்டு, மேற்குச் சுவரில் மிச்சமான ஆங்கர் போல்ட்டுகளை இங்கே அடித்தேன். ஹேமர் டிரில் வைத்த உடனே 'பொசுக்' என்று உள்ளே போனதில் புரிந்திருக்க வேண்டும். கம்பியை மாட்டி, அதை இழுத்து இறுக்கும் திருகான டர்ன்பக்கிளை நான்கு சுற்று முறுக்கினேன். ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பிடுங்கியது மாதிரி போல்ட் பூச்சோடு கையில் வந்தது. மூன்று இடத்தில் ஓட்டை. கொத்தனாரிடம் காட்டினால், "சார், இது உள்ள வெத்து. இதுல ஆணி அடிச்சா காலண்டர்தான் மாட்டலாம்" என்றார்.

அந்தத் தோல்விதான் நல்லதாகப் போயிற்று. சுவரை நம்பாமல் தனியாகக் கம்பம் நடுவது என்று முடிவானது. கம்பம் என்றால் எவ்வளவு தள்ளி வேண்டுமானாலும் நடலாம் இல்லையா? சுவரிலிருந்து ஒன்பது அங்குலம் விட்டேன். கை உள்ளே போய் வரும், துடைப்பம் போகும், முக்கியமாகக் காற்று போகும். மே மாதம் மத்தியானம் அளந்தபோது சுவர் 43 காட்டிய நேரத்தில் சுவர்ப்பக்க இலை 35. அந்த ஒன்பது அங்குலத்தை இனி எந்தச் சுவரானாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கம்பத்துக்குப் பழைய இரும்புக் கடையில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், எட்டடித் துண்டு மூன்று. 26 கிலோ, கிலோ 55 ரூபாய் வீதம் 1,430. இரண்டடி மண்ணுக்குள் கான்கிரீட்டில், ஆறடி வெளியே, ஆறடிக்கு ஒன்று. சிமெண்டு, ஜல்லி, எம் சாண்ட் 450. கம்பி மாட்டக் கொக்கிகளை வெல்டர் வந்து வைத்துக் கொடுத்தார், 600. இதுவும் தப்புதான். வெல்டிங் வைத்த இடத்தில் ஜி.ஐ. பூச்சு எரிந்துபோகும், சில்வர் பெயிண்ட் அடித்தும் அடுத்த மழைக்குள் சரியாக அங்கேதான் துரு பிடித்தது. பைப்பில் ஓட்டை போட்டு நட்டு போல்ட் மாட்டியிருந்தால் 600 ரூபாயும் மிச்சம், துருவும் மிச்சம். கம்பி 12 கேஜ் ஜி.ஐ., ஒரு கிலோ 100 ரூபாய். நான்கு டர்ன்பக்கிள் 360. ரசமட்டம் வைத்துத் தரையிலிருந்து 18, 33, 48, 63 அங்குலத்தில் நான்கு வரிசை கட்டி முடித்து, தூர நின்று பார்த்துப் பெருமைப்பட்டேன்.

பெருமை இரண்டு நாள்தான். செண்பகம் கற்றுக்கொடுத்த பாடத்துக்காக ஒன்பது அங்குல உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டேன். செங்கல் அணைத்து, செம்மண், ஆற்று மணல், தொழு உரம் கலந்து, 700 ரூபாய். பாத்தி ஏறியதும் அடிக்கம்பி மண்ணுக்கு ஒன்பது அங்குலம் மேலே நிற்கிறது! மேட்டைக் கணக்கில் எடுக்காமல் கம்பியைக் கட்டியிருக்கிறேன். அவிழ்க்க மனம் வரவில்லை. அந்தக் கம்பியில் இப்போது தண்ணீர்க் குழாய் தொங்குகிறது, மரத்துக்கு மேல் மூன்று வரிசைதான். ஆக மொத்தம் 3,990 ரூபாய், செண்பகத்தின் நஷ்டம் தனி.

தலையை வெட்டிய நாள்

2022 பிப்ரவரியில் நட்டேன். ஒரு மாதம் வேர் பிடிக்க விட்டு, மார்ச்சில் ஐந்தடிக் கன்றை இரண்டடியில் வெட்டினேன். முதல் வரிசைக் கிளை எந்த உயரத்தில் வேண்டுமோ அங்கே தலையை வெட்டினால்தான் பக்கத்துளிர் வரும். வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "நர்சரிக்காரன் மூணு வருஷம் வளத்தான், நீ மூணு செகண்டுல முடிச்சிட்ட" என்றார். ஐந்து வாரம் ஒன்றுமே வரவில்லை. குச்சியாக நின்றது. தினமும் காலையில் காபித் தம்ளரோடு போய்ப் பார்ப்பேன், வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

ஆறாவது வாரம் அரிசி அளவில் ஐந்து துளிர். அவை விரலளவு ஆகும்வரை விட்டு, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: இடது ஒன்று, வலது ஒன்று, நேராக மேலே ஒன்று. பக்கக்கிளைகளை உடனே படுக்கையாகக் கட்டினால் வளர்த்தி நின்றுவிடும். அதனால் மூங்கில் பிளாச்சு ஒன்றைச் சாய்வாக, நேருக்கும் படுக்கைக்கும் நடுவில் கட்டி, கிளையை அதோடு கட்டினேன். பிளாச்சுக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெயிலில் காய்ந்த இரும்புக் கம்பி இளம் பட்டையைச் சுடும். நடுவே மூங்கில் இருந்தால் சுடாது.

இனி வருவதுதான் நான் செய்த பெரிய தப்பு. வெளிநாட்டுக் குறிப்புகளில், சாய்வாகக் கட்டிய கிளையைக் குளிர்காலத்தில் மரம் தூங்கும்போது படுக்கையாக இறக்கச் சொல்கிறார்கள். வலது கிளை வளைந்து வளைந்து காரின் கண்ணாடியில் உரசியதால் ஆகஸ்டிலேயே இறக்க வேண்டியதாயிற்று. சாட்டை மாதிரி வளைந்தது. இடது கிளையை மட்டும் சாஸ்திரப்படி 2023 ஜனவரி வரை வைத்திருந்தேன். மகிழம் எங்கே தூங்குகிறது? நம் ஊர் மார்கழியில் அதற்குப் போர்வையா வேண்டியிருக்கிறது! மழைக்காலம் முழுக்க அது பாட்டுக்கு மரமாக முற்றிக்கொண்டிருந்தது. பொங்கல் லீவில் இறக்கும்போது கவட்டையில் 'சடக்'. மேல்பட்டை பிளந்து, வெள்ளைக் கட்டை தெரிந்தது. பாதி தொங்கியது.

அவசரத்துக்குக் கையில் கிடைத்தது ஒட்டுக்கட்டும் பாலித்தீன் நாடா. கிளையைப் பழையபடி மேலே தூக்கி, பிளவு மூடும்படி அழுத்தி, நாடாவை இறுக்கிச் சுற்றி, கீழே ஒரு கவைக்கம்பு முட்டுக் கொடுத்தேன். ஏப்ரலில் பிரித்தபோது மூடியிருந்தது, முட்டி வீங்கினாற்போல ஒரு முண்டோடு. பிறகு மாதம் இரண்டு அங்குலம் என்று இறக்கி, ஐந்து மாதத்தில் கம்பிக்குக் கொண்டுவந்தேன். இன்றும் இடது கை வலது கையைவிட ஒரு அடி குட்டை.

இப்போது காலண்டரைப் பார்ப்பதில்லை, கிளையைத்தான் பார்க்கிறேன். பென்சில் கனத்தைத் தாண்டுவதற்குள், பட்டை பச்சையாக இருக்கும்போதே, வாரம் ஒரு விரற்கடை வீதம் இறக்கிவிட வேண்டும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, காலை பத்து மணிக்குமேல் கிளை கொஞ்சம் துவண்டிருக்கும் நேரத்தில் வளைத்தால் சொன்னபடி கேட்கிறது. விடியற்காலையில் விறைப்பாக இருக்கும், தொடாதீர்கள்.

கட்டும் நாருக்கும் ஒரு கதை உண்டு. முதலில் நைலான் கயிறு. மழைக்குப் பிறகு கிளை பருத்து, கயிறு பட்டைக்குள் புதைந்து, பாம்பு விழுங்கிய எலி மாதிரி இரண்டு பக்கமும் உப்பிவிட்டது. நக வெட்டியால் எடுத்தேன். அப்புறம் அம்மாவின் பழைய நூல் புடவையைக் கிழித்து எட்டுப் போட்டுக் கட்டினேன்; நல்லதுதான், ஆனால் ஈரம் தங்கி எறும்பு குடியேறியது. கடைசியில் அம்மாவே பூக்காரம்மாவிடமிருந்து ஒரு கட்டு வாழைநார் வாங்கிக் கொடுத்தார். இதைவிட உசத்தி எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் தானாக மக்கி அறுந்துவிடும், கிளை நெரிபட வாய்ப்பே இல்லை. அறுந்தால் மறுபடி கட்டு. கட்டும் சாக்கில் மொத்த மரத்தையும் ஒரு தடவை பார்த்ததாகவும் ஆயிற்று.

மேல் வரிசைகளும் வெள்ளமும்

இரண்டாவது வரிசைக்கு 2022 நவம்பரில், மூன்றாவதுக்கு 2023 ஜூலையில் தலை வெட்டினேன். முறை அதேதான், பயம் மட்டும் குறைவு. இரண்டாவது வரிசையில் இடப்பக்கம் துளிரே வரவில்லை. உறங்கும் மொட்டுக்குச் சற்று மேலே, கூரை வடிவில் சின்னதாகப் பட்டையைக் கீறி எடுத்தேன். மூன்று இடத்தில் கீறியதில் ஒன்று முளைத்தது, அது போதும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கார் மிதக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பாத்தி முழுகியது. தண்ணீர் வடிய மூன்று நாள். சாக்கடைத் தண்ணீர் வேறு. வடிந்ததும் பாத்தியின் ஒரு பக்கச் செங்கலைப் பிடுங்கி ஈரத்தை வெளியே விட்டேன், பத்து நாள் தண்ணீர் ஊற்றவில்லை. பழைய இலை கொஞ்சம் மஞ்சளாகிக் கொட்டியது. வேறு ஒன்றும் ஆகவில்லை. செண்பகத்தைக் கொன்ற மழையைவிட இது மோசம். மேடு காப்பாற்றியதா மகிழமே கெட்டியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தண்ணீர் விஷயம் ஒன்று. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1,650. கோடையில் இலை நுனி கருகியது அதனால்தான். ஏ.சி. பைப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் 30. ஏப்ரல் முதல் ஒரு வாளி வைத்துப் பிடித்தால் ராத்திரிக்கு எட்டு லிட்டர் சும்மா கிடைக்கிறது. நுனிக் கருகல் நின்றது. செதில் பூச்சி ஒருமுறை வந்தது. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், பொழுது சாய்ந்தபின் அடித்தேன், போய்விட்டது.

பூக்காத வருடம்

2024 கோடையில் மரம் பார்க்கக் கச்சிதமாக இருந்தது. மூன்று வரிசை, கோடு போட்ட மாதிரி. படுத்த கிளையிலிருந்து நேராக மேலே கிளம்பும் போத்துகளை மாதம் ஒருமுறை ஒரு அங்குலம் விட்டு நறுக்கிவிடுவேன். வருகிறவர்கள் எல்லாரும் ஃபோட்டோ எடுத்தார்கள். பூ மட்டும் இல்லை. ஒன்றுகூட.

சாலையோர மகிழத்தைப் போய் நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. பூ இலைக்கக்கத்தில், இளங்கிளையில் வருகிறது. நான் அந்த இளங்கிளையைத்தான் மாதாமாதம் வழித்துக்கொண்டிருந்தேன். மொட்டு வரும் இடத்தைச் சவரம் செய்துவிட்டுப் பூவுக்குக் காத்திருந்திருக்கிறேன். அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் ஒரு கவாத்து, போத்துகளை ஐந்தாறு இலையோடு விட்டு. அதற்குமேல் கத்தரியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மரம் பரட்டைத் தலையாக நின்றது. கோடும் போயிற்று, ஃபோட்டோவும் போயிற்று. மார்ச்சில் அம்மாவின் கையில் பதினான்கு பூ.

இப்போது பூ முடிந்தபின், ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என இரண்டே கவாத்து. உச்சி வரிசையை மட்டும் கொஞ்சம் கடுமையாக வெட்டுகிறேன், இல்லாவிட்டால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டு அடி வரிசையைப் பட்டினி போடும். குட்டையான இடது கையின் நுனியை ஒரு சாண் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறேன். நுனி மேலே பார்த்தால் ஓட்டம் கூடும். இந்த மழைக்குள் வலது கையைப் பிடித்துவிடும் என்று நினைக்கிறேன்.

மறுபடி ஒன்று செய்வதானால் மூன்றடிக்கு மேல் உயரமான கன்று வாங்க மாட்டேன். எப்படியும் வெட்டத்தான் போகிறோம், எதற்கு ஐந்தடிக்குக் காசு. மேட்டைப் போட்டுவிட்டு அப்புறம் கம்பி. வெல்டிங் கிடையாது. கார் நிறுத்தும் இடத்திலிருந்து இன்னும் ஒரு அடி தள்ளி.

மரம் தட்டையாக இருப்பதால் பூவும் சிதறாமல், சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குக் கோலப்பொடி இழுத்த மாதிரி விழுகிறது. அம்மா ஒரு பழைய வேட்டியை விரித்துவைத்துக் காலையில் அள்ளிக்கொள்கிறார். விழுந்த பூவில் நடுவே தானாகவே துளை இருக்கும். ஊசிகூட வேண்டாம், தென்னை ஈர்க்கில் கோத்துவிடுவார். கோக்கும்போது திருவொற்றியூர்க் கதை வரும். "மகிழ மரத்தடியில சங்கிலியாருக்குச் சத்தியம் பண்ணிட்டு சுந்தரரே தப்பிக்க முடியல. நீ அந்த மரத்தையே கட்டிப் போட்டிருக்க, ஜாக்கிரதை" என்பார்.

செண்பகம் செத்த மேற்குச் சுவரில் அந்தப் பழைய கம்பிகள் இன்னும் இருக்கின்றன. ஆங்கர் போல்ட் இம்மிகூட அசையவில்லை. அதில் இப்போது துணி காயப்போடுகிறோம். மே மாதம் மூன்று மணிக்குப் போட்டால் ஜீன்ஸ் பேண்ட்டே நாற்பது நிமிடத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது.